ஒரு கராத்தே நோட்டீஸை வாசித்தல்

போன மாதம் தொண்டிக்குப் போயிருந்தபோது அக்கா ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். மஞ்சள் தாள். நடுவில் காலைத் தூக்கி உதைக்கும் ஒரு பையனின் படம், கீழே ஒரு பட்டியல். "நீதான் எதுக்கெடுத்தாலும் ஆராய்ச்சி பண்றவனாச்சே. இதையும் படிச்சுச் சொல்லு. இவளைத் தொடர்ந்து அனுப்பவா, நிப்பாட்டவா?"

இவள் என்றால் என் மருமகள். எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் அரசுத் திட்டத்தில் கராத்தே சொல்லிக்கொடுத்தார்கள். அது முடிந்ததும் வெளியே ஒரு வகுப்பில் சேர்ந்துகொண்டாள். இப்போது மஞ்சள் பெல்ட். அடுத்தது ஆரஞ்சு. அதற்குத் தேர்வுக் கட்டணம் தனி, சான்றிதழுக்குத் தனி. ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டால் டியூஷன் வேறு. மச்சானுக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை. "பொம்பளப் பிள்ளைக்குக் கைகால்ல எதாச்சும் ஆச்சுன்னா?" என்பது அவர் கட்சி.

நோட்டீஸில் இருந்தவை ஏழு: உடல் வலிமை, மன வலிமை, நோய் எதிர்ப்புச் சக்தி, ஞாபக சக்தி, தன்னம்பிக்கை, ஒழுக்கம், தற்காப்பு. இதே பட்டியலை மதுரையிலும் பார்த்திருக்கிறேன், திருச்சியிலும் பார்த்திருக்கிறேன். மாறுவது போன் நம்பர் மட்டும்தான். புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம், படத்துக்கு எழுதுகிறோம். ஊர் ஊராக லட்சக்கணக்கில் ஒட்டப்படும் இந்தப் பிரதியை மட்டும் யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை. எனவே இந்தக் குறிப்பு. தற்காப்பை மட்டும் விட்டுவிடுகிறேன், அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

முதலில் ஒரு ஆச்சரியம். இந்த நோட்டீஸ் புதிதல்ல, அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஒகினாவாவில் இதோசு அங்கோ என்ற ஆசான் இருந்தார். 1901-இல் ஷூரியில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் கராத்தேயைக் கொண்டுபோனவர். அதுவரை பின்கட்டிலும் இருட்டிலும் ஒன்றிரண்டு சீடர்களுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கப்பட்ட வித்தை அது. பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி நீளமான பழைய 'கதா'க்களை உடைத்து, பினான் என்று ஐந்து சிறிய கதாக்களை அமைத்தார். (கதா என்றால் எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசை. நம் சிலம்பத்தில், குத்துவரிசையில் வரும் வரிசைகளை நினைத்துக்கொள்ளலாம்.) 1908-இல் கல்வி அதிகாரிகளுக்குப் பத்து அம்சங்களில் ஒரு கடிதம் எழுதினார். கராத்தே உடலுக்கு நல்லது, பள்ளியில் இதைப் பயின்ற பையன்கள் நாளைக்கு நல்ல சிப்பாய்களாக வருவார்கள் என்பதெல்லாம் அதில் வருகிறது. வாட்டர்லூ போரைப் பற்றி வெலிங்டன் பிரபு சொன்னதாக உலவும் ஒரு வாக்கியத்தைக்கூட மனிதர் சாட்சிக்கு இழுக்கிறார். அதிகாரிகளிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் அவர்கள் மொழியில்தானே பேச வேண்டும்!

ஆக, கராத்தே எப்போது வகுப்பறைக்குள் நுழைந்ததோ அப்போதே அதன் பலன்களை விற்கும் மொழியும் கூடவே நுழைந்துவிட்டது. ஆனால் இதோசுவின் கடிதத்துக்கும் அக்கா கொடுத்த நோட்டீஸுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இதோசு மருந்தின் பெயரோடு அளவையும் சொல்கிறார். இது சட்டென்று வராது, மெதுவாக நடக்கிற மாடு போலத்தான் தூரத்தைக் கடக்க வேண்டும், தினம் ஒன்றிரண்டு மணி நேரம் என்று மூன்று நான்கு வருடம் செய்தால் உடம்பு மாறும் என்கிறார். தினம், அதுவும் மூன்று நான்கு வருடம். நோட்டீஸில் இந்த வரி மட்டும் காணாமல் போய்விட்டது.

(அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம். பத்து அம்சங்களுக்கும் முன்னால், தொடக்கத்திலேயே, கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்ஃபூசியத்திலிருந்தோ வந்ததல்ல என்று எழுதிவிட்டார். நம் ஊர் வகுப்புகளிலோ, காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குப் போய் ஷாவோலின் பிக்குகளுக்கு வித்தை சொல்லிக்கொடுத்தார், அதிலிருந்துதான் கராத்தே வந்தது என்ற கதை இல்லாமல் முதல் நாள் பாடம் முடியாது. 2011-இல் 'ஏழாம் அறிவு' வந்த பிறகு இது வரலாறாகவே ஆகிவிட்டது. போதிதர்மரோடு உடற்பயிற்சியைச் சேர்த்துப் பேசும் சீன நூல் கிடைப்பது 17-ஆம் நூற்றாண்டில்தான், அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் கழித்து. கதை பிள்ளைகளுக்கு உற்சாகம் தருகிறது என்பதை மறுக்கவில்லை. மருமகளும் கண்ணை விரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.)

அளவுக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மருமகளோடு நானும் போனேன். கடலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு திடல். முப்பது பிள்ளைகள் இருக்கும், பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மாஸ்டர் நல்ல மனிதர், குரலை உயர்த்தாமலே வரிசையை நிறுத்துகிறார். நான் போனில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரிசை, வணக்கம், வருகைப் பதிவு, பெல்ட் கட்டத் தெரியாத பொடிசுகளுக்குப் பெல்ட் கட்டிவிடுதல், ஒருவர் செய்ய மற்றவர்கள் பார்த்தல், நடுவில் ஒரு நாய். அறுபது நிமிடத்தில் என் மருமகள் மூச்சு வாங்கும்படி அசைந்தது இருபத்தேழு நிமிடம். வகுப்பு வாரத்தில் இரண்டு நாள். இரண்டு நாளும் இப்படித்தான் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு ஐம்பத்துநான்கு நிமிடம்.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலசைவில் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். வாரத்துக்கு 420 நிமிடம். கராத்தே தருவது அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. மீதி ஏழு பங்கு? அவள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள், அதில் கொஞ்சம். மற்றபடி உட்கார்ந்து படிக்கிறாள், உட்கார்ந்து போன் பார்க்கிறாள்.

இதை வைத்துக் கராத்தே உடம்புக்கு நல்லதில்லை என்று சொல்ல வரவில்லை. கதாவை முழு வேகத்தில் செய்தால் நாடித்துடிப்பு நன்றாகவே ஏறும். ஆனால் மருமகள் இப்போது செய்யும் முதல் கதாவில் இருபத்தொரு அசைவுகள்தான், ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைத் திரும்பத் திரும்ப, இடைவெளி குறைத்துச் செய்தால்தான் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை. ஒரு தடவை செய்துவிட்டு வரிசையில் நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது மனப்பாடப் பயிற்சிதான். நிலைகள் வேறு விஷயம். முன்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பது தொடைக்கும் இடுப்புக்கும் நிஜமான வேலை. சமநிலைக்கும் நல்லது. ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் பெட்ரா யான்சன் குழுவினர் வயதானவர்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். சிறிய குழுக்கள்தான், ஆனாலும் மனநிலையில் முன்னேற்றம் தெரிந்தது என்கிறார்கள். அக்காவிடம் இதைச் சொல்லி, "நீயும் போயேன்" என்றேன். முறைத்தாள்.

உடல்நலம் பற்றிப் பேசும்போது தொண்டிக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழரை மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று இறங்கிவிடுகிறது. காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. தடித்த வெள்ளைச் சீருடை முழுக்க நனைந்து பிள்ளைகள் நிற்பதைப் பார்க்கும் பெற்றோருக்கு, 'என்னமா உழைக்குது பிள்ளை' என்று தோன்றும். வியர்வை உழைப்பின் அளவல்ல, வெக்கையின் அளவும்தான். நடுவில் தண்ணீர் குடிக்க விடுகிறார்களா என்று பார்த்தேன். இந்த மாஸ்டர் இரண்டு தடவை விட்டார். தண்ணீர் கேட்பதே பலவீனம் என்று நினைக்கிற வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். அதேபோல சிமெண்டுத் தரையில் விரல் முட்டியை ஊன்றித் தண்டால், குத்தவைத்து வாத்து நடை. வளர்கிற எலும்புக்கும் முழங்காலுக்கும் இதெல்லாம் தேவையே இல்லை. 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று நோட்டீஸில் போடுகிறவர்கள் 'முட்டி வலி' என்றும் ஒரு வரி போடலாம்.

நோட்டீஸ்களில் எழுதப்படாத ஒரு சாட்சியக் கதையும் உண்டு. 'சின்ன வயசுல நோஞ்சானா இருந்தேன், கராத்தே என்னை மாத்திருச்சு' என்று எல்லா மாஸ்டர்களும் சொல்வது. இதற்கும் மூலம் இருக்கிறது. ஜப்பானின் மையத்தீவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன ஃபுனகோஷி கிச்சின், தன் வாழ்க்கைக் கதையில் இதையேதான் எழுதுகிறார். குறைமாதத்தில் பிறந்தவர், நோயாளிப் பிள்ளை, ஆயுசு கெட்டியில்லை என்று பெரியவர்கள் நினைத்தார்கள். இரவு நேரத்தில் கையில் விளக்கோடு ஆசான் வீட்டுக்கு நடந்தே போய், ஒரே கதாவை மாதக்கணக்கில் செய்து செய்து உடம்பு தேறினார். 1868-இல் பிறந்தவர் 1957 வரை இருந்தார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நோஞ்சானாகச் சேர்ந்து நோஞ்சானாகவே நின்றுபோனவர்கள் சுயசரிதை எழுதுவதில்லை. இன்னொன்று, தினமும் அந்த நடை! அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

ஒழுக்கம், ஞாபக சக்தி என்ற இரண்டிலும் நான் நோட்டீஸைக் கேலி செய்யத் தயாராகத்தான் இருந்தேன். ஆய்வுகளைப் பார்த்தபோது கொஞ்சம் பின்வாங்க வேண்டியதாயிற்று.

2004-இல் லேக்ஸ், ஹோய்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பள்ளியில் இருநூறு பிள்ளைகளுக்குச் சற்று அதிகமானவர்களை எடுத்துக்கொண்டு, சில வகுப்புகளுக்கு வழக்கமான உடற்பயிற்சிப் பீரியடும் சிலவற்றுக்கு டேக்வாண்டோவும் கொடுத்தார்கள். கராத்தே இல்லை, ஆனால் நெருங்கிய சொந்தம். மூன்று மாதம். டேக்வாண்டோ பிள்ளைகள் கவனத்தைக் கட்டுப்படுத்துவதிலும், பாடவேளையில் நடந்துகொள்வதிலும், மனக்கணக்கிலும்கூட அதிகமாக முன்னேறினார்கள். மூன்றே மாதத்தில்! ஆனால் அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்துகொண்டிருக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் தங்களையே கேட்டுக்கொள்ளப் பழக்கினார்கள். உதைப்பதோடு சேர்த்து இது. இன்னொன்றும் அந்த ஆய்வில் இருக்கிறது, என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது: முன்னேற்றம் பையன்களிடம்தான் அதிகம் தெரிந்தது.

இதற்கு முன்னால், 1986-இல், மைக்கேல் ட்ரல்சன் என்பவர் செய்த ஒரு சின்ன ஆய்வு. சட்டச் சிக்கலில் மாட்டிய முப்பத்துநான்கு பதின்வயதுப் பையன்கள், மூன்று குழு, ஆறு மாதம். ஒரு குழுவுக்குத் தியானம், மரியாதை, கதா எல்லாம் சேர்ந்த பழைய முறை டேக்வாண்டோ. இன்னொரு குழுவுக்குச் சண்டை மட்டும். மூன்றாவதற்கு ஓட்டம், கூடைப்பந்து மாதிரி விளையாட்டு. பழைய முறையில் பயின்ற குழுவின் முரட்டுத்தனம் குறைந்தது, சண்டை மட்டும் பயின்ற குழுவுக்கு ஏறியது. முப்பத்துநான்கு பேரை வைத்து ஒரு கோட்டையைக் கட்ட முடியாதுதான். இருந்தாலும் அதே குத்து, அதே உதை, பலன் மட்டும் நேர் எதிர். அப்படியானால் பலன் உதையில் இல்லை. 'கராத்தே ஒழுக்கம் தரும்' என்ற வாக்கியத்துக்கு எழுவாயே தப்பு. தருவதாக இருந்தால் அந்த மாஸ்டர் தருவார், இல்லாவிட்டால் இல்லை. போன் நம்பரை மட்டும் மாற்றி அதே நோட்டீஸை எல்லா ஊரிலும் ஒட்டுவது இதனால்தான் எனக்கு உறுத்துகிறது. உண்மையில் முக்கியமானது அந்தப் போன் நம்பர்தான்.

இனி பெல்ட். நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

கறுப்பு பெல்ட் கராத்தேயின் சொத்தல்ல. ஜூடோவின் கானோ ஜிகோரோ 1880-களில் கொண்டுவந்த தரவரிசை முறையோடு வந்தது. ஃபுனகோஷி அதைக் கடன் வாங்கி 1924-இல்தான் முதல் தடவையாகக் கராத்தேயில் தரம் கொடுத்தார். இதோசுவிடம் பயின்ற காலத்தில் அவருக்குப் பெல்ட்டே கிடையாது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று வண்ணம் பரவியதற்குக் காரணமாகச் சொல்லப்படுபவர் 1930-களில் பாரிஸில் ஜூடோ கற்றுக்கொடுத்த கவைஷி. ஐரோப்பிய மாணவர்கள் கறுப்பு வரும் வரை வருடக்கணக்கில் காத்திருக்க மாட்டார்கள், நடுநடுவே எதையாவது கொடுத்துக்கொண்டிருந்தால்தான் நிற்பார்கள் என்று கண்டுகொண்டார். ஆக, வண்ண பெல்ட் உந்துதலுக்காகவே பிறந்த கருவி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது எந்த வகை உந்துதல்?

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த சோதனை பிரபலமானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகள். சிலரிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் எதுவும் தராத நேரத்தில் யார் தானாகவே வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். சான்றிதழை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். பரிசு நின்றதும் ஆசையும் இறங்கிவிட்டது.

இதை நினைத்துக்கொண்டு மருமகளிடம் கேட்டேன். "பெல்ட் பரீட்சையே இல்லைன்னா போவியா?"

"போவேன் மாமா."

"எதுக்கு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "அங்க மட்டும்தான் சத்தம் போடலாம்."

கியாய் என்பார்கள், குத்தும்போது அடிவயிற்றிலிருந்து வரும் கத்தல். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கத்தியதை நானும் கேட்டேன். வீட்டில் அவள் குரல் அடுப்படியைத் தாண்டி வராது.

அப்போதுதான் என் ஸ்டாப்வாட்ச் கணக்கில் எங்கே தப்பு என்று தெரிந்தது. 54 நிமிடத்தை நான் 420 நிமிடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒப்பிட வேண்டியது பூஜ்யத்தோடு. தொண்டியில் அவள் வயதுப் பையனுக்குக் கடல் இருக்கிறது. நீந்துவான், வள்ளத்தில் ஏறுவான், மணலில் கபடி, சாயங்காலம் வாலிபால், ஒன்றுமில்லையென்றால் ஜெட்டிப் பக்கம் ஒரு சுற்று. அவன் உடம்பு அசைவதற்கு யாரும் நோட்டீஸ் அடிக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளைக்கு வயசுக்கு வரும் வரைதான் அந்தக் கடற்கரை. அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கதவு சாத்திக்கொண்டே வரும். யாரும் திட்டிச் சாத்துவதில்லை, "இனி என்னத்துக்குமா" என்று அன்பாகவே சாத்துவார்கள். திறந்திருப்பது 'தற்காப்பு' என்று பெயர்ப்பலகை மாட்டிய இந்த ஒரு கதவுதான். ஓடி ஆடட்டும் என்றால் அனுப்பாத வீடு, பாதுகாப்புக்கு என்றால் அனுப்புகிறது. நோட்டீஸின் ஏழாவது வரி மற்ற ஆறுக்கும் அனுமதிச் சீட்டு.

அரசுத் திட்டத்தின் கதையும் இதுதான். ராணி லட்சுமிபாய் பெயரில் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வி வழியாக வருவது. ஆறு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் மாணவிகளுக்கு மூன்று மாதம், பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய். தற்காப்பு என்றுதான் அதற்கும் பெயர். மூன்று மாதத்தில் யாரும் யாரையும் அடித்து வீழ்த்தக் கற்றுக்கொள்ள முடியாது, இதோசு கேட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட அது வராது. ஆனால் என் மருமகள் அங்கேதான் முதல் தடவையாகக் கத்தினாள். அந்தத் திட்டத்தின் பெயரில் உள்ள பலனை அளந்தால் தோல்வி என்று எழுதலாம். பெயரில் இல்லாத பலனை யார் அளக்கிறார்கள்? லேக்ஸ், ஹோய்ட் ஆய்வில் பெண் பிள்ளைகளிடம் மாற்றம் குறைவாகத் தெரிந்தது என்று சொன்னேன் அல்லவா, அங்கே அளந்தது ஆசிரியர் கண்ணுக்குத் தெரியும் அடக்கத்தை. ஏற்கெனவே அடங்கிக் கிடக்கிறவளிடம் அதில் என்ன ஏறும்? இது என் ஊகம்தான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெல்ட் தேர்வுக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. ஆரஞ்சுக்குக் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை 'இனி எப்படிப் போவது' என்று வகுப்பையே விட்டுவிடுகிறது. திடலில் எண்ணிப் பார்த்தேன். வெள்ளை, மஞ்சள் நிறைய. பச்சைக்கு மேலே பெண் பிள்ளை ஒன்றுகூட இல்லை. பிள்ளையை நிற்க வைக்க வந்த பெல்ட் இங்கே பிள்ளையை வெளியேற்றுகிறது.

கிளம்புவதற்கு முன்னால் அக்காவோடு போய் மாஸ்டரைப் பார்த்தேன். இரண்டே கேள்வி கேட்டோம். பரீட்சை எழுதாமல் வகுப்புக்கு மட்டும் வரலாமா? வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் கதா செய்ய விட முடியுமா? முதல் கேள்விக்குக் கொஞ்சம் தயங்கினார், அவருக்கும் மேலே சங்கம் என்று ஒன்று இருக்கிறது. பிறகு, "வரட்டும் தம்பி, மஞ்சளோடயே வரட்டும்" என்றார். இரண்டாவதுக்குச் சிரித்தார். "முப்பது பேரு ஒண்ணா கத்துனா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க."

அக்கா மூன்று மாத வகுப்புக் கட்டணத்தைச் சேர்த்துக் கட்டினாள். மச்சானிடம் பாதுகாப்புக்கு என்று சொல்லிக்கொள்கிறாளாம்.